டி.எம்.7 படிவத்தில் ஒரே ஒரு வரி

"தம்பி, ரிடையர்மெண்ட் விசாவை விட்டுட்டு மேரேஜ் விசாவுக்கு மாறிடலாம்னு இருக்கேன். அதுக்கு ஒரு தடவை லாவோஸ் போய்ட்டு வரணுமாமே?"

கேட்டவர் மலேசியாவின் ஈப்போக்காரர். வயது அறுபதைத் தாண்டியவர், பாங்காக்கில் குடியிருக்கிறார், மனைவி தாய்லாந்தின் வடகிழக்கைச் சேர்ந்தவர். மேஜைமேல் அவர் வைத்த பாஸ்புக்கில் 4 லட்சத்து 12 ஆயிரம் பாட் இருந்தது. பாஸ்போர்ட்டில் தங்கும் அனுமதி முடிய ஐந்தே வாரம். புது விசா, எல்லை தாண்டிப் போய்வர வண்டி, அறை எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் இருப்பதாக ஏதோ ஒரு ஏஜெண்ட் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

தாய்லாந்தில் விசா காகித வேலை பார்க்கும் நான் இந்தக் கேள்வியை மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். முதலில் எல்லாரிடமும் சொல்வது இதைத்தான். ஐயா, உங்களிடம் "ரிடையர்மெண்ட் விசா" என்று ஒன்றும் இல்லை. உங்களுடைய விசா நான்-இமிகிரண்ட் ஓ, சுருக்கமாக நான்-ஓ என்ற வகை. அது முதல் 90 நாளோடு வேலையை முடித்துக்கொண்டது. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் நீங்கள் வாங்குவது தங்கும் அனுமதியின் நீட்டிப்பு, அதாவது எக்ஸ்டென்ஷன். அந்த நீட்டிப்புக்கு ஒரு காரணம் வேண்டும். இதுவரை காரணம் ஓய்வுக்காலம். இனிமேல் தாய் மனைவி. மாறுவது காரணம் மட்டும்தான். விசா அதேதான், படிவமும் அதே டி.எம்.7, கட்டணமும் அதே 1,900 பாட். காரணம் எழுதும் ஒரு வரியில்தான் வேறு சொல் வரும். லாவோஸும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்.

(சொந்த நாட்டில் உள்ள தாய்லாந்துத் தூதரகத்திலிருந்து ஓ-ஏ என்ற வேறு வகை விசா வாங்கி வந்தவர்களுக்கு மருத்துவக் காப்பீடு அது இது என்று தனிக் கதை உண்டு. இங்கே நான் பேசுவது சாதாரண நான்-ஓ பற்றி மட்டும்.)

சரி, ஈப்போக்காரருக்கு ஏன் இந்த ஆசை வந்தது? பணம்தான். ஓய்வுக்கால நீட்டிப்புக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பிருந்தே அந்தப் பணம் அங்கே கிடக்க வேண்டும். 2019-ல் விதியை இறுக்கியதிலிருந்து, அனுமதி கிடைத்த பிறகும் 3 மாதம் அதில் கை வைக்கக் கூடாது. அதற்கப்புறம் பாதியை எடுக்கலாம், ஆனால் வருஷம் முழுக்க 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. திருமண நீட்டிப்புக்கோ 4 லட்சம் போதும், விண்ணப்பத்துக்கு முன் 2 மாதம் இருந்தால் சரி.

இப்போது அவருடைய பாஸ்புக்கைப் பாருங்கள். மூன்று மாதக் கெடு முடிந்ததும், மகளின் வீட்டுக் கடனுக்கென்று கிட்டத்தட்ட பாதியை எடுத்து அனுப்பிவிட்டார். விதிப்படி தவறில்லை. ஆனால் அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பே மீண்டும் 8 லட்சமாக நிரப்பியிருக்க வேண்டும். இருப்பதே ஐந்து வாரம். நாளைக்கே பணம் வந்தாலும் ஓய்வுக்கால வழி அடைபட்டுவிட்டது. அதே பாஸ்புக் திருமண வழிக்கு அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் பழைய நிபந்தனையே அவரை 4 லட்சத்துக்குக் கீழே இறங்க விடவில்லை. ஒரு விதியின் அடிமட்டம் இன்னொரு விதியின் வாசற்படியாக இருக்கிறது. இதைச் சொன்னபோது மனுஷர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

இதே இடத்தில் சிலர் மாட்டிக்கொள்வதும் உண்டு. முந்தின வருஷம் ஏஜெண்டே 8 லட்சத்தைக் கணக்கில் போட்டு, ஸ்டாம்ப் விழுந்ததும் உருவிக்கொண்டு போயிருப்பார். காரணத்தை மாற்றுகிறோமே, பழைய கணக்கை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பார்கள். 12 மாத ஸ்டேட்மெண்ட் கேட்கும் அலுவலகங்கள் உண்டு. ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போன 8 லட்சத்தை அதில் எங்கே ஒளிப்பது? அப்படிப்பட்ட பாஸ்புக்கோடு வருபவர்களின் வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை.

வங்கியில் பணம் போட்டு வைக்க விருப்பமில்லாதவர்களுக்கு மாத வருமான வழி இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு மாதம் 65,000 பாட், திருமணத்துக்கு 40,000. ஓய்வுக்காலத்தில் கொஞ்சம் வருமானம், கொஞ்சம் வைப்பு என்று கூட்டி 8 லட்சம் காட்டலாம். திருமணத்தில் அந்தக் கூட்டல் செல்லாது. தாய்லாந்துக் கணவரைக் கட்டிய வெளிநாட்டுப் பெண்ணுக்கு இந்தப் பண நிபந்தனையே கிடையாது. இது நியாயமா என்று என்னிடம் சண்டைக்கு வரும் ஆண்கள் உண்டு. சட்டம் எழுதியவன் நானில்லை.

பணம் பாதியாகிறதே, அப்புறம் ஏன் எல்லாரும் மாறுவதில்லை?

ஏனென்றால் ஓய்வுக்கால நீட்டிப்பில் அதிகாரி பார்ப்பது பாஸ்புக்கை. திருமண நீட்டிப்பில் அவர் பார்ப்பது உங்கள் வீட்டை. முன்னதில் காலையில் டோக்கன் எடுத்தால் அநேகமாக அன்றே ஸ்டாம்போடு வீடு திரும்பலாம். பின்னதில் கோப்பு மேலிடத்துக்குப் போகிறது. முதல் நாள் உங்களுக்குக் கிடைப்பது "பரிசீலனையில் உள்ளது" என்ற ஸ்டாம்ப் மட்டும், வழக்கமாக 30 நாளுக்கு. அந்தத் தேதியில் திரும்பப் போய்த்தான் ஒரு வருஷ ஸ்டாம்பை வாங்க வேண்டும். இடையில் அதிகாரிகள் வீட்டுக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.

காகிதங்களும் பெருகிவிடும். திருமணம் தாய்லாந்து மாவட்ட அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பூ வேலைப்பாட்டோடு கையில் தருவார்களே, அந்தச் சான்றிதழ் கோர் ரோர் 3. அது மட்டும் போதாது. பதிவேட்டின் நகலான கோர் ரோர் 2-ம் வேண்டும், அதையும் சமீபத்தில் எடுத்ததாகப் பல அலுவலகங்கள் கேட்கும். வெளிநாட்டில் கல்யாணம் செய்தவர்கள் அதை இங்கே பதிந்து கோர் ரோர் 22 வாங்க வேண்டும். மனைவியின் அடையாள அட்டை, அவர் பெயர் உள்ள வீட்டுப் பதிவேடான தபியன் பான், வீட்டுக்கு வரும் வழியைக் கையால் வரைந்த படம், வங்கிக் கடிதம், அன்றைய தேதிவரை பதிவு போட்ட பாஸ்புக் எல்லாம் சேரும். மனைவியும் நேரில் வர வேண்டும். உங்களைத் தெரிந்த தாய்லாந்துக்காரர் ஒருவரைச் சாட்சியாக அழைத்து வரச் சொல்லும் அலுவலகங்களும் உண்டு. பட்டியல் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அதனால் ஒரு மாதம் முன்பே நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் அலுவலகத்துக்கே போய் அவர்களுடைய தாளை வாங்கி வந்துவிடுங்கள். நண்பருக்கு வேறு மாகாணத்தில் கொடுத்த தாள் உங்களுக்கு உதவாது.

ஈப்போக்காரர் சீலோம் மாரியம்மன் கோவிலில் மாலை மாற்றி, பக்கத்திலேயே பாங் ராக் மாவட்ட அலுவலகத்தில் பதிவும் செய்தவர். பாங் ராக் என்ற பெயரில் காதல் என்ற சொல் இருப்பதால், காதலர் தினத்தன்று அங்கே பதிவுக்குக் கூட்டம் அள்ளும். இவரும் அந்த வரிசையில் நின்றவராம். சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்த கோர் ரோர் 3-ஐ ஃப்ரேமோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்பக்கத்து ஆணியை நான்தான் கழற்றினேன். கூடவே கல்யாண ஆல்பம்.

"அண்ணே, ஆல்பம் வேண்டாம்" என்றேன். "நேத்து சமைச்ச அடுப்படி வேணும்."

திருமண நீட்டிப்புக்குக் கேட்கும் படங்கள் அப்படித்தான். வீட்டு எண் தெரியும்படி வாசலில் இருவரும். வரவேற்பறையில், சமையலறையில், படுக்கையறையில் இருவரும். மாலையும் மேடையும் எதையும் நிரூபிக்காது. இன்றைக்கு ஒரே கூரையின் கீழ் இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. முதல் முறை அவர் அனுப்பிய படங்களில் இவர் சட்டையை டக் இன் செய்து விறைப்பாக நிற்கிறார், அந்த அம்மா இரண்டடி தள்ளி. பாஸ்போர்ட் ஃபோட்டோவை இரண்டு பேராக எடுத்தமாதிரி இருந்தது. திரும்ப எடுக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை அந்த அம்மா உரலில் எதையோ இடித்துக்கொண்டிருக்கிறார், இவர் பக்கத்தில் லுங்கியோடு கீரை ஆய்கிறார். லுங்கி பரவாயில்லையா என்று கேட்டார். அதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது என்றேன்.

மனைவியின் பெயர் தபியன் பானில் உபோன் மாகாணத்து வீட்டு முகவரியில் இருந்தது. வசிப்பதோ பாங்காக்கில் வாடகை அடுக்ககம். இது தடை இல்லை, ஆனால் கேள்வி வரும். வாடகை ஒப்பந்தமும், வீட்டு உரிமையாளர் உங்கள் தங்கலைப் பதிந்த டி.எம்.30 ரசீதும் கையில் இருந்தால் அந்தக் கேள்வி ஒரு நிமிஷத்தில் முடியும். இல்லையென்றால் அன்றைய நாள் போச்சு.

கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர்களும் வருவார்கள். பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கலாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம், ஆனால் மாவட்ட அலுவலகத்தில் பதிவில்லை என்றால் இமிகிரேஷன் கணக்கில் அவர்கள் கணவன் மனைவி அல்ல. பதிவு செய்ய, மணம் செய்யத் தடையில்லை என்ற கடிதம் உங்கள் நாட்டுத் தூதரகத்திலிருந்து வேண்டும். அதைத் தாய் மொழியில் பெயர்த்து வெளியுறவு அமைச்சகத்தில் அத்தாட்சி முத்திரை வாங்க வேண்டும். ஐந்து வாரத்தில் இதையும் முடித்து நீட்டிப்புக்கும் போவது என்றால் எனக்கே வயிற்றைக் கலக்கும்.

மாறுவதற்குப் பணத்தைத் தவிர இன்னொரு நல்ல காரணம் வேலை. ஓய்வுக்கால நீட்டிப்பில் இருப்பவர் வேலை பார்க்கவே கூடாது. திருமண நீட்டிப்பில் இருப்பவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கவனியுங்கள், விண்ணப்பிக்கலாம். ஸ்டாம்ப் விழுந்த மறுநாளே டியூஷன் எடுக்க உட்கார்ந்துவிட முடியாது; வேலை அனுமதி தனியாக வர வேண்டும், ஒரு நிறுவனம் வேண்டும். தாய்லாந்து நாட்டவரை மணந்தவர் என்றால் அந்த நிறுவனத்துக்கான மூலதன நிபந்தனை 20 லட்சம் பாட்டிலிருந்து 10 லட்சமாகக் குறையும் என்பது ஓர் அனுகூலம்.

சிலரை நான் மாற வேண்டாம் என்றே அனுப்பியிருக்கிறேன். 8 லட்சம் அசையாமல் கிடக்கிறது, வேலை பார்க்கும் எண்ணமில்லை, மனைவி வருஷத்தில் பாதி நாள் ஊரில் தாயாரைப் பார்க்கப் போய்விடுகிறார் என்றால் எதற்கு வீண் அலைச்சல்? ஓய்வுக்கால நீட்டிப்பு உங்கள் பணத்தின்மேல் நிற்கிறது. திருமண நீட்டிப்பு இன்னொருவர்மேல் நிற்கிறது. விவாகரத்தானால் அந்த அடிப்படையே போய்விடும். மனைவி இறந்துவிட்டால், நடைமுறையில் கையிலுள்ள ஸ்டாம்ப் தேதிவரை இருக்கலாம், அடுத்த வருஷத்துக்கு வேறு காரணம் வேண்டும். ஓய்வுக்காலத்துக்குத் திரும்புவது முடியாத காரியம் இல்லை, அதே டி.எம்.7, அதே ஒரு வரி. ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதத்துக்கு முன்னால் 8 லட்சம் போட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அதனால் மாறினாலும் அந்த மிச்சம் 4 லட்சத்தைச் சீக்கிரம் எடுக்கும்படி எங்காவது வைத்திருங்கள் என்பேன்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தங்கும் அனுமதி முடிய 30 நாள் இருக்கும்போது விண்ணப்பத்தை வாங்குவார்கள், சில இடங்களில் 45 நாள். பணத்துக்கு 2 மாதம் வேண்டும் என்பதால் மூன்று மாதம் முன்பே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பரிசீலனைக் காலத்தில் வெளிநாட்டுப் பயணம் வைக்காதீர்கள். மருமகன் வீட்டு விசேஷம் வந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தங்கும் அனுமதி போகாமல் வெளிநாடு போய்த் திரும்ப உதவும் ரீ-என்ட்ரி பெர்மிட்டைப் பழைய நீட்டிப்போடு வாங்கியிருந்தால், அது அந்த நீட்டிப்போடு செத்துவிடும். புது ஸ்டாம்ப் விழுந்ததும் புதிதாக வாங்க வேண்டும், ஒருமுறைக்கு 1,000, பலமுறைக்கு 3,800 பாட். 90 நாளுக்கு ஒருமுறை இமிகிரேஷனுக்கு முகவரியைத் தெரிவிப்பது வழக்கம்போல் நடக்கும். தேதியைத் தவறவிட்டுத் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. அதைவிடப் பெரிய தண்டனை, பல நேரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பது.

ஈப்போக்காரருக்கு முப்பதாம் நாள் ஸ்டாம்ப் விழுந்தது. வெளியே வந்து படிக்கட்டிலேயே நின்று கண்ணாடியைப் போட்டுத் தேதியைப் பார்த்தார். புது வருஷம் பழைய அனுமதி முடிந்த நாளிலிருந்தே எண்ணப்படும், ஸ்டாம்ப் விழுந்த நாளிலிருந்து இல்லை.

"என்ன தம்பி, காக்க வச்ச நாளையெல்லாம் கணக்குல சேத்துக்கிட்டாங்களா?"

அந்த அம்மா ஃப்ரேம் போட்ட சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.