எடை குறைந்தது சரி, குறைந்தது எது?

ஒரே மாதத்தில் ஏழு கிலோ குறைத்துவிட்டேன் என்று யாராவது சந்தோஷமாக வந்து உட்கார்ந்தால், நான் முதலில் கேட்பது படி ஏற முடிகிறதா என்றுதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல வீடுகளில் பஸ் ஏறுவதற்கே ஐம்பது அறுபது படி ஏறி மேலே ரோட்டுக்கு வர வேண்டும். தொடைச் சதை கரைந்திருந்தால் அந்தப் படிகளில்தான் முதலில் தெரியும். எடை மெஷினுக்குக் கொழுப்பு, சதை, தண்ணீர் எல்லாம் ஒன்றுதான்.

இந்த மலையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ, ஏழு நாள் ஜூஸ், ஒருவேளைச் சாப்பாடு, உணவுக்குப் பதிலாகப் பவுடர் என்று வருஷத்துக்கு ஒன்று புதிதாக வருகிறது. இவற்றால் எடை குறையும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நஷ்டம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து வருகிறது. அப்போது அதை யாரும் டயட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. என் கவலை அதுதான்.

முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் சுமார் 400, 500 கிராம் கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லியை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு காலியாகி, கூடவே தண்ணீரும் போய்விடும். நாலைந்து நாளில் இரண்டு கிலோ. ‘எனக்கு இது ஒத்துக்கொள்கிறது’ என்ற நம்பிக்கை பிறப்பது அங்கேதான். மறுபடி சோறு சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வரும்.

அதற்குப் பிறகு போவதில்தான் சிக்கல். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் முடி கொட்டுகிறது என்று வந்தார். “சீப்புல கொத்துக் கொத்தா வருது மேடம். எண்ணெய் மாத்தியும் பார்த்துட்டேன்.” மூன்று மாதம் முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் வெந்நீரில் தேன், மதியம் வெள்ளரியும் கேரட்டும், ராத்திரி ஒரு ஆப்பிள். மகனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல். கடும் பட்டினிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும், அதனால்தான் பழி எண்ணெய் மேல் விழுகிறது. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னேன். முதல் இரண்டு முறை எழுந்துவிட்டார். மூன்றாவது முறை கை தானாகவே நாற்காலிப் பிடிக்குப் போனது. “இப்பல்லாம் கூடை ரொம்ப கனக்குது” என்றார்.

அதற்குள் அவர் எடை பழையபடி ஏறியிருந்தது. எண் அதேதான், உடம்பு அதே இல்லை. போகும்போது கொழுப்போடு சதையும் போனது. திரும்பி வந்ததில் பெரும்பகுதி கொழுப்பு. இரண்டு மூன்று தடவை இப்படிக் குறைத்து ஏற்றினால், ஐம்பது வயதுக்கு மேல், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, சதையோடு எலும்பும் வலுவிழக்கும். இங்கே ஈரமான படியில் ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறிந்துவிடும்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 45-இல் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வேண்டிய மட்டும் சாப்பிட விட்டபோது, இழந்த சதை திரும்புவதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. டிவி போட்டி ஒன்றில் வேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரி, அவர்கள் உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 குறைந்தே இருந்தது. மனசு திடமாக இல்லாததால்தான் எடை ஏறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் விஷயம் இன்னும் அவசரமானது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லோடு ஓட்டும் டிரைவருக்குக் கொண்டை ஊசி வளைவில் கண் இருட்டினால் என்ன ஆகும்? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ பக்கமே போகக் கூடாது. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அப்போதும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் குளுக்கோமீட்டரை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீட்டோ 1920-களில் வலிப்பு நோய்க்கு என்று வந்த உணவுமுறை. இன்றும் சில குழந்தைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். அந்தக் கண்காணிப்பு வாட்ஸ்அப் பட்டியலில் கிடையாது.

வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும்.

நம் மலைக்கென்று இரண்டு விஷயம். டயட் பட்டியல்களில் இப்போது சாதா உப்புக்குப் பதில் இளஞ்சிவப்பு உப்பு போடச் சொல்கிறார்கள். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. மலைச்சரிவு மண்ணில் இருக்கும் அயோடினை மழை அடித்துக்கொண்டு போய்விடும். மலைவாழ் மக்களுக்குக் கழுத்துக் கழலை அதிகம் வந்ததற்கு அது ஒரு காரணம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அயோடின் உப்பை மாற்றவே மாற்றாதீர்கள். அடுத்து, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் இது முதன்முதலில் 1952-இல் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அந்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினாலே கடும் வலி தொடங்கிவிடும். குளிரில் தாகமும் தெரியாது. அவர்களுக்குப் பட்டினி டயட் எதுவுமே வேண்டாம்.

அப்புறம் என்னதான் செய்வது? சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 70 கிலோ இருப்பவருக்கு அது ஐந்து கிலோ, அதுவும் ஆறு மாத அவகாசத்தில்.

நான் முதலில் கை வைப்பது டீயில். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையே 50 கிராம், 200 கலோரி. கூட வர்க்கி வேறு. பாதியாகக் குறைக்கச் சொல்வேன். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, அதனால் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அவரையோ பருப்போ முட்டையோ ஒவ்வொரு வேளையும் வரட்டும். கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 கிராம்; ஜூஸ் டயட்டில் அதில் பத்து தேறினாலே அதிகம். தேயிலை வருவதற்கு முன்பே இந்த மலையில் விளைந்த ராகியும் சாமையும் இன்னும் சந்தையில் கிடைக்கின்றன. களி உருண்டையின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே ஏதாவது டயட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஒரே நாளில் விருந்து சாப்பிட்டு முடித்துக்கொள்ளாமல், முதலில் பருப்பு, முட்டை, பிறகு தானியம் என்று ஒரு வாரத்தில் திரும்பி வாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். மருத்துவரையோ உணவு ஆலோசகரையோ பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளையும், நீங்கள் பின்பற்றிய அந்தப் பட்டியலையும் கையோடு கொண்டு போங்கள்.