கியர்பாக்ஸை இறக்கும் முன் கிளட்சை ஒருமுறை மிதித்துப் பாருங்கள்

"சார், கியர் போடும்போது ஒரு சத்தம் வருது, கேட்டுச் சொல்லுங்க" என்று போனில் பதிவு செய்து அனுப்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பத்து நொடிப் பதிவு. கரகரவென்று ஏதோ கேட்கும், நடுவில் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த நேரத்தில் உங்கள் இடது கால் எங்கே இருந்தது?

முக்கால்வாசிப் பேருக்கு நினைவிருக்காது. எனக்கு வேண்டியதோ அதுதான். கியர்பாக்ஸ் பக்கமிருந்து வரும் சத்தங்களில் பலவும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை வைத்துத்தான் அவற்றைப் பிரிக்க முடியும். அதற்கு வண்டியைத் தூக்க வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம்.

சமதளமான, காற்றோட்டமுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கிளட்சில் கால் இல்லாதபோது இன்ஜினோடு சேர்ந்து கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும், அதாவது இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் தண்டும், சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்சை முழுதாக மிதித்தால் சில நொடிகளில் அது நின்றுவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மிதித்ததும் சத்தம் நின்றால் அது பாக்ஸுக்குள் சுற்றுகிற ஏதோ ஒன்று. உய்ங் என்றோ உறுமலாகவோ இருந்தால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்மீது முதல் சந்தேகம். லேசான கடகட என்றால் பயப்பட வேண்டியதில்லை, பல வண்டிகளில் ஐடிலில் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, சும்மா இருந்த வண்டி பெடலில் கால் வைத்ததும் கீச்சென்று கத்தினால், பெடலை மிதிக்கும்போது கிளட்சை அமுக்கிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். பின்சக்கரம் இழுக்கும் சில வண்டிகளில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் என்று ஒன்று உண்டு. கிளட்சை மிதித்தபடி கியரில் நிற்கும்போது மட்டும் அது கத்தும்.

ஓட்டும்போதெல்லாம் கிளட்ச் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு ரிலீஸ் பேரிங் சீக்கிரமே போய்விடும். அவர்களிடம் சொன்னால் "நான் அமுக்கறதே இல்ல, சும்மா வச்சிருப்பேன்" என்பார்கள். அந்தச் சும்மா போதும்.

அடுத்தது, கியரை மாற்றும் அந்தக் கணத்தில் வரும் 'கர்ர்'. இதில் தவறான முடிவுக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லா கியரிலும் கர்ர் என்றால் பாக்ஸைச் சந்தேகிக்காதீர்கள். கியர் விழும் முன் சுற்று வேகத்தைச் சமன் செய்யும் பாகம்தான் சின்க்ரோ; எல்லா சின்க்ரோவும் ஒரே நாளில் தேயாது. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி விழும். இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கர்ர் என்றால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுதாகப் பிரியவில்லை. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் எண்ணெய் குறைந்திருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம், சிலிண்டர் கசியலாம். கேபிள் வைத்த வண்டியானால் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஒரு வண்டிக்கு வேறு ஓர் இடத்தில் பாக்ஸை இறக்க நாள் குறித்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது பார்த்தால் காலடியில் பழைய ஃப்ளோர் மேட்டின் மேலேயே புது மேட்டைப் போட்டு, பெடல் தரையைத் தொடாமல் பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மேட்டை எடுத்துப் பின்சீட்டில் போட்டேன், கதை முடிந்தது.

ஒரே ஒரு கியரில் மட்டும் கர்ர் என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ. பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான் முதலில் தேயும். காரணம் எளிது. மூன்றாவது கியரின் விகிதம் 1.4, இரண்டாவதன் விகிதம் 2.0 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது இரண்டாவதுக்கு இறக்கினால், இன்புட் ஷாஃப்ட் ஏறக்குறைய 2850 சுற்றுக்கு ஏறியாக வேண்டும். அந்த வேகத்தைச் சமன் செய்வது உரசிப் பிடிக்கும் ஒரு சின்ன வளையம். பல வண்டிகளில் அது பித்தளை. அதன் உள்பக்கத்தில் நூலிழை போன்ற மெல்லிய வரிகள் இருக்கும். தேய்ந்த வளையத்தில் விரலை ஓட்டினால் கண்ணாடிபோல் வழுக்கும். பிறகு அது எதைப் பிடிக்கும்?

இதற்கும் நீங்களே ஓட்டிப் பார்க்கிற ஒரு சோதனை உண்டு. கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு சின்ன உறுமல், மறுபடி கிளட்ச், பிறகு கியர். பழைய டிரைவர்கள் டபுள் கிளட்ச் என்று சொல்வது இதைத்தான். 1928இல் காடிலாக் சின்க்ரோமெஷ்ஷைக் கொண்டுவரும் முன்பு கியரை இறக்க அதுதான் வழி. இப்படி இறக்கும்போது கர்ர் இல்லாமல் விழுந்தால், கிளட்ச் நன்றாக இருக்கிறது, தேய்ந்தது சின்க்ரோதான் என்று நம்பலாம்.

ரிவர்ஸ் தனி ஜாதி. பல பாக்ஸுகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோவே கிடையாது. வண்டி லேசாக உருண்டுகொண்டிருக்கும்போதோ, கிளட்சை மிதித்த கையோடோ போட்டால் கர்ர் என்னத்தான் செய்யும். அது பழுது இல்லை, அவசரம். முழுதாக நின்று, மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள். இல்லை, முதலில் ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். பின்னால் போகும்போது கேட்கும் அந்த ஊளையும் அப்படித்தான். ரிவர்ஸ் கியரின் பற்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டவை, மற்ற கியர்களுக்குச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். நேர்ப்பல் சத்தம் போடும்.

சரி, 'டங்' என்று ஓர் அடி விழுகிறதே, அது? இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டி, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிக் கிளட்சை விடும்போதெல்லாம் டங் என்றது. பாக்ஸை இறக்கிப் பிரித்தேன். உள்ளே எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. திரும்ப ஏற்றி ஓட்டினால் அதே டங். கடைசியில் பார்த்தால் இன்ஜினைத் தாங்கும் கீழ்ப்பக்க மவுண்ட்டின் ரப்பர் கிழிந்து, இன்ஜின் மொத்தமாக ஆடிப்போய்ச் சட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. நான் படுத்திருந்த இடத்திலிருந்து அது ஒரு முழத்தில் இருந்தது. இரண்டு நாள் கூலியை வாங்க மனம் வரவில்லை. இப்போது டங் என்று யார் சொன்னாலும் முதலில் பானட்டைத் திறக்கிறேன். ஒருவர் பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு, முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சைக் கடிக்கிற இடம்வரை மட்டும் விடுவார். நான் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பேன். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக் டக் என்றால் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டில் உள்ள சிவி ஜாயின்ட் என்ற வளையும் மூட்டு. எந்தக் கியரில் போனாலும், நியூட்ரலில் உருண்டாலும் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் ஊளை என்றால் வீல் பேரிங்கையும் டயரையும் பார்க்க வேண்டும். இவற்றுக்கும் கியர் மாற்றுவதற்கும் சம்பந்தமில்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் எண்ணெயின் வகைகள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவதை அடிக்கடி பார்க்கிறேன், எண் பெரிசு, தரமும் பெரிசு என்று நினைத்து. ஜிஎல்-5இல் டிஃபரன்ஷியல் பற்களுக்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கை அதிகம். சின்க்ரோ வளையம் அதில் சரியாகப் பிடிக்காமல் வழுக்கலாம், பித்தளைக்கும் அது ஆகாமல் போகலாம். வண்டியின் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுதான் எண்ணெய்.

அந்த எண்ணெயை வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பல வண்டிகளில் டிரெயின் பிளக்கில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துப் பூட்டலாம். எண்ணெயில் தங்கப்பொடி தூவியதுபோல் மின்னினால் அது வளையத்தின் பித்தளை. காந்தத்தில் ஒட்டாது, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். நகத்தால் எடுக்கிற அளவுக்கு இரும்புத் துண்டு வந்தால் மட்டும் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த வண்டிக்குப் பாக்ஸை உடனே இறக்க வேண்டும்.