அண்டர்பாஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

மழை பிடித்துக்கொண்டால் ஸ்ரீராமபுரத்து ஆட்டோக்காரர் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே சொல்வார்: "அண்டர்பாஸ்ல தண்ணி நிக்கும் சார், சுத்திப் போயிடலாம்." பெங்களூர்த் தமிழர் வாயில் அந்தச் சொல் அப்படியே ஊறிவிட்டது. பாலத்துக்கோ தண்டவாளத்துக்கோ அடியில் இறங்கி ஏறும் வழி என்பதுதான் பொருள். கன்னடத்தில் 'கெளசேதுவெ', அதாவது கீழ்ப்பாலம்.

நம் செய்தித்தாள்கள் 'சுரங்கப்பாதை' என்று எழுதுகின்றன. பழைய வடிவம் 'சுருங்கை'. கோவலன் மதுரைக்குள் நுழையும்போது, அகழியை ஒட்டி 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி' என்கிறது சிலப்பதிகாரம். யானைக்கூட்டமே போகிற மறைவழி என்றால் அதன் உயரத்தை நினைத்துப் பாருங்கள்! வடமொழியின் 'சுருங்கா', கிரேக்கத்தின் 'சிரிங்ஸ்' ஆகியவற்றோடு இச்சொல்லை அறிஞர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிரிங்ஸ் என்றால் குழல்.

அன்று யானை, இன்று லாரி. நகரச் சாலையில் 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் நெறி. மேலே பாலம் உயராது, ஆகவே கீழே தோண்டுகிறார்கள். தோண்டத் தோண்டப் பள்ளம் தொட்டியாகிறது. அதனால்தான் இறங்கும் இடத்துக்கு முன்னாலேயே சாலையைக் கொஞ்சம் மேடாக்க வேண்டும், வெளித்தண்ணீர் உள்ளே வழியாது. அடியில் சேருகிற தண்ணீரை வெளியேற்றச் சாலைக்குக் குறுக்கே கம்பி மூடியிட்ட வடிகால், ஒரு சேகரிப்புக் கிணறு, பம்ப், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டர். இத்தனை இருந்தும் அந்தக் கம்பி மூடியில் காய்ந்த இலையும் பிளாஸ்டிக் பையும் அப்பிக்கொண்டால் எல்லாம் வீண். 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிர் போனது. அடியில் எவ்வளவு ஆழம் என்பது மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

சரி, எந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது? விதான சவுதா பக்கம் பூமிக்குள் மெட்ரோ ஓடுவது சுரங்கம். கொஞ்சம் தள்ளி கே.ஆர். சர்க்கிளில் கார் இறங்குவதையும் அதே பெயரால் அழைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அதற்குக் 'கீழ்ப்பாதை' போதும். 'கீழ்ப்பாலம்' என்றால் கவனம் பாலத்துக்குப் போய்விடுகிறது, நாம் போவது பாதையில். தவிர, 'கீழ்' என்று காதில் விழுந்தாலே தண்ணீர் எங்கே ஓடிச் சேரும் என்பது தமிழ் பேசுகிற யாருக்கும் தெரியும்.