தாத்தா லெட்டர்ல இருக்குற ஸ்டாம்பை தயவுசெஞ்சு வெட்டாதீங்க

பழைய லெட்டர், ஆல்பம், பத்திரம் இதையெல்லாம் சரிபண்ணி பாதுகாக்குறதுதான் என் வேலை. போன மாசம் ஒரு அக்கா பிஸ்கட் டின் நிறைய ஸ்டாம்ப் கொண்டு வந்தாங்க, எல்லாம் அவங்க தாத்தா ரங்கூன்ல இருந்து பாட்டிக்கு எழுதின லெட்டர்ல இருந்து கத்தரிக்கோலால வெட்டி எடுத்தது, தபால் சீல் பாதிதான் இருக்கு, ஊர் பேர்ல முதல் மூணு எழுத்து நிக்குது, தேதி இல்ல. கவர் எங்கக்கான்னு கேட்டா எடைக்குப் போட்டாச்சாம். மனசே ஆறல.

இங்கிலாந்து அரச குடும்பத்து ஸ்டாம்ப் கலெக்‌ஷன் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. விக்டோரியா ராணியோட ரெண்டாவது மகன் ஆல்ஃபிரட் சேர்த்ததை அண்ணன் எட்வர்ட் வாங்கி தன் மகன் ஜார்ஜுக்குக் கொடுத்தாரு, அவர்தான் பின்னாடி அஞ்சாம் ஜார்ஜ். அவருக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்ல, 1904-லயே மொரீஷியஸ் ரெண்டு பென்ஸ் ஸ்டாம்ப் ஒண்ணை 1,450 பவுண்டுக்கு ஏலத்துல எடுத்தவரு, அவர் சேர்த்ததே 328 சிவப்பு ஆல்பம்.

ஆனா அந்த கலெக்‌ஷன்ல என்னை அசர வச்சது முழு கவருங்கதான். பென்னி பிளாக்தான் உலகத்தோட முதல் ஒட்டுற தபால் ஸ்டாம்ப், 6 கோடிக்கு மேல அச்சடிச்சது, தனியா கிடைக்குறது பெரிய அதிசயம் இல்ல. அதையே பத்து ஒட்டி, அது செல்லுபடியாக ஆரம்பிச்ச 1840 மே 6 தேதி சீலோட இருக்குற கிர்கூப்ரி (ஸ்காட்லாந்து ஊர்) கவரை 2001-ல ரெண்டரை லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினாங்க, அதுக்காக கலெக்‌ஷன்ல டபுளா இருந்ததை வித்தாங்க. விலை அந்த தேதிக்குத்தான்.

இன்னொண்ணு டிரியன் பிளம், ஊதா கலந்த நிறத்துல ரெண்டு பென்ஸ் ஸ்டாம்ப். வெளிவர்றதுக்குள்ள ராஜா ஏழாம் எட்வர்ட், அதான் முன்னாடி சொன்ன ஜார்ஜோட அப்பா, இறந்துட்டாரு, அச்சடிச்சு வச்சதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. தபால்ல போனதா தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, 1910 மே 5 சீல், அட்ரஸ்ல இருக்குறது இளவரசர் ஜார்ஜ் பேரு, மறுநாள் ராத்திரி அப்பா போயிட்டாரு, இவர் ராஜா. அந்த அட்ரஸையும் தேதியையும் வெட்டிப் போட்டிருந்தா இந்தக் கதையே நம்ம கைக்கு வந்திருக்காது.

அதனால கவரோடயே வைங்க. லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம், அது மஞ்சளாகி பேப்பருக்குள்ள இறங்கிடும், அப்புறம் என்னாலயும் முழுசா எடுக்க முடியாது. ஆசிட் இல்லாத பேப்பர்ல சுத்தி, ஈரம் படாத பீரோவுல வச்சா போதும்.

அந்த அக்காவோட சித்தி வீட்டுப் பரண்ல இன்னும் நாலு கவர் இருக்காம். தூசி கூட தட்டாம அப்படியே கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.