பொம்மைதானே என்று சொல்லாதீர்கள்: ஏர்சாஃப்ட் பையோடு ஃபெர்ரி ஏறுபவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை இரவு எங்கள் துறைமுகத்தில் ஒரு கார் வரிசையை முக்கால் மணி நேரம் மூடி வைத்தோம். காரணம், ஒரு காரின் டிக்கியில் இருந்த கிரிக்கெட் பை. "ஆயுதம், கத்தி, வெடிபொருள் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டபோது ஓட்டி வந்த அப்பா "இல்லை" என்றார். பின்சீட்டில் இருந்த பத்தொன்பது வயது மகனும் தலையாட்டினான். பையைத் திறந்தால், துண்டுக்கு அடியில் எம்4 ரைஃபிள். மேகசின் மாட்டியபடி, பேட்டரி இணைத்தபடி. என்னோடு நின்ற சக ஊழியர் இரண்டு அடி பின்வாங்கி ரேடியோவில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் விஷயம் எங்கள் கையில் இல்லை. துப்பாக்கி ஏந்திய போலீஸ் வந்தது, கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போனது. அந்தப் பையன் கடைசி வரைக்கும் சொன்னது ஒன்றைத்தான்: "அது பொம்மைதானே!"

இந்த ஆண்டில் எனக்கு இது ஐந்தாவது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் ஓடும் கப்பல்களில் ஏறுபவர்களைச் சோதிப்பதுதான் என் வேலை. ஐந்து பேருமே நல்லவர்கள், வார இறுதியில் நண்பர்களோடு ஏர்சாஃப்ட் விளையாடப் போனவர்கள். நிஜம் போன்ற துப்பாக்கியால் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு ஆடும் ஆட்டம் அது. அவர்களைத் தடுமாற வைத்தது அந்த ஒரு சொல்தான்.

பொம்மை என்பது உங்கள் மனதில் இருக்கும் பெயர். ஸ்கேனர் திரையில் எனக்குத் தெரிவது உலோகக் குழல், உலோகப் பல்சக்கரங்கள், மேகசினின் ஸ்பிரிங், விசை. நிஜத் துப்பாக்கியின் அதே நீளம், அதே வடிவம். உண்மையானதைப் போல இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே அவ்வளவு பணம் கொடுத்து அதை வாங்குகிறீர்கள்? அந்த ஒற்றுமை என் கண்ணில் படும்போது மட்டும் மறைந்துவிடாது. உள்ளே போவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு என்று பையைத் திறந்து, மேகசினைக் கழற்றி, குழலின் உட்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறுதியாகும். அதுவரை அதைத் துப்பாக்கியாகவே நான் நடத்தியாக வேண்டும்.

"முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கிறதே" என்று சிலர் காட்டுவார்கள். ஆரஞ்சு முனை அமெரிக்கச் சட்டம் கேட்பது. இந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் அதை வைத்து யாரும் உங்களை விட்டுவிட மாட்டார்கள். பெயின்ட் டப்பா ஒன்று இருந்தால் நிஜத் துப்பாக்கிக்கும் ஆரஞ்சு அடிக்கலாம் என்பது எங்களுக்கும் தெரியும்.

சட்டமும் அதைப் பொம்மை என்று சொல்வதில்லை. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, நிஜம் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை நாட்டுக்குள் கொண்டுவருவதே குற்றம். ஏர்சாஃப்ட் விளையாடுபவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் விளையாடுகிறேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பிரான்சில் கடையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கிக்கொண்டு கலேயில் வந்து நிற்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. கலேயிலேயே பிரிட்டிஷ் எல்லை அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடை ரசீது நீங்கள் வாங்கியதைத்தான் காட்டும், விளையாடுகிறீர்கள் என்பதைக் காட்டாது. யுகாரா (பிரிட்டனின் ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர் பதிவேடு) பதிவு எண், நீங்கள் ஆடும் களத்தின் உறுப்பினர் அட்டை, போகும் ஆட்டத்தின் முன்பதிவுச் சீட்டு ஆகியவற்றைக் காகிதத்தில் எடுத்து வாருங்கள். போனில் இருக்கிறது என்பார்கள், வரிசையில் நிற்கும்போது போனில் சார்ஜ் இருக்காது.

அடுத்தது ஜூல் கணக்கு, அதாவது குழலை விட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல். இங்கேதான் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களும் சறுக்குகிறார்கள். இங்கிலாந்தில் தானியங்கியாகச் சுடுவதற்கு 1.3 ஜூல், ஒற்றைச் சூட்டுக்கு 2.5 ஜூல் வரை இருந்தால்தான் சட்டப்படி அது ஏர்சாஃப்ட். அயர்லாந்துக் குடியரசில் 1 ஜூல் அளவைத் தாண்டினால் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கி. இங்கிலாந்துக் களங்கள் பலவற்றில் நொடிக்கு 350 அடி வேகம் வரை அனுமதிக்கிறார்கள். 0.20 கிராம் குண்டு அந்த வேகத்தில் போனால் ஏறக்குறைய 1.14 ஜூல். அதாவது நேற்றுவரை களத்தில் எல்லோரும் சரி என்று சொன்ன அதே துப்பாக்கி, டப்ளினில் இறங்கும்போது உரிமம் இல்லாத ஆயுதம். வட அயர்லாந்தும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்ரையனில் ஏறி பெல்ஃபாஸ்டில் இறங்கினால் நாடு மாறவில்லை, பாஸ்போர்ட் காட்ட வேண்டியதில்லை. ஆனால் 1 ஜூல் அளவுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு அங்கே சான்றிதழ் வேண்டும்.

ஜெர்மனியில் 0.5 ஜூல் அளவுக்கு மேலே போனால் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' முத்திரை இருக்க வேண்டும், தானியங்கியாகச் சுடவும் கூடாது. நெதர்லாந்தில் 2013 வரை ஏர்சாஃப்டுக்கே தடை. இப்போதும் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் வழியாகத்தான். விருந்தாளியாகப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன்பே அந்தச் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள். வழியில் ஒரு நாடு குறுக்கே வந்தால் அந்த நாட்டின் சட்டமும் உங்கள் டிக்கியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டு நடுவில் உள்ளதை மறந்துவிடாதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. சிலர் காரில் பூட்டி வைக்கச் சொல்வார்கள், சிலர் கப்பல் ஊழியர்களிடம் ஒப்படைக்கச் சொல்வார்கள், நடந்து ஏறும் பயணியிடம் கூடவே கூடாது என்பவர்களும் உண்டு. மேகசினைக் கழற்றி, குண்டு ஒன்றுகூட இல்லாமல் காலி செய்யுங்கள். பேட்டரியைப் பிரித்துத் தீத்தடுப்புப் பையில் தனியாக வையுங்கள். பூட்டுப் போட்ட கெட்டியான பெட்டி வேண்டும், துணிப்பை போதாது. எரிவாயு டப்பா, புகைக்குண்டு, வெடிக்கும் கிரனேடு எதையும் கொண்டு வராதீர்கள். கிரீன் கேஸ் என்று விற்பதில் பெரும்பங்கு புரொப்பேன். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒட்டி நிற்கும் மூடிய தளத்தில் அது கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் புறப்பட்ட பின் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், அதனால் வேண்டியதை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிப் பெட்டியை மட்டும் கேபினுக்குக் கொண்டு போகவே போகாதீர்கள். கட்டிலில் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு, கேபின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் கை நடுங்கி நின்ற கதையை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

சோதனைச் சாவடியில் நாங்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே ஆரம்பியுங்கள். "ஏர்சாஃப்ட் சாமான் இருக்கிறது, டிக்கியில், பூட்டிய கறுப்புப் பெட்டியில்." இவ்வளவு போதும். 'ஏர்சாஃப்ட்' என்ற சொல் முதலில் வரட்டும். கைகள் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். சாவியை எங்களிடம் கொடுங்கள். ஒருபோதும், தயவுசெய்து ஒருபோதும், "இதோ காட்டுகிறேன்" என்று நீங்களாக எடுத்துக் காட்டாதீர்கள். முன்கூட்டியே சொன்னவர்களைப் பத்து நிமிடத்தில் அனுப்பியிருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை அந்த அப்பாவுக்கு மகனின் கிரிக்கெட் பையில் என்ன இருக்கிறதென்று எங்கள் மேசையில் அதைப் பிரித்து வைத்தபோதுதான் தெரிந்தது. மகனைத் தனி அறைக்குக் கூட்டிப்போன பின், அந்தத் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, டிக்கியை மூடுவதற்கு முன்னால், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.