எழும்பினால் ஏன் கண் இருட்டுகிறது?

வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு ஆறு வருடமாகப் பார்கின்சன் என்ற மூளை நரம்பு நோய். மத்தியானம் சோறு சாப்பிட்டுக் கதிரையை விட்டு எழும்பினால் கண் இருட்டிவிடும், சுவரைப் பிடிப்பார். "வயசு போயிட்டுது, அதுதான்" என்பார் பெரியம்மா. வயது மட்டும் இல்லை.

எழும்பும்போது அரை லீட்டருக்குக் குறையாமல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியின் சுவரிலுள்ள உணரிகள் அதை உடனே மூளைத்தண்டுக்குச் சொல்லும். நம் கட்டளை இல்லாமலே இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் இயக்கும் பரிவு நரம்புகளின் நுனியில் நோர்அட்ரினலின் என்ற இரசாயனம் சுரக்கும். குழாய்கள் இறுகும், இதயம் வேகமெடுக்கும். சில செக்கன்களில் சரியாகிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது.

பார்கின்சனில் மூளையின் டோபமின் செல்களில் ஆல்பா சினுக்ளீன் என்ற புரதம் கட்டியாகப் படிகிறது. அதே புரதம் இதயத்துக்குப் போகும் பரிவு நரம்புகளிலும் படிந்து, நுனியிலிருந்து அவற்றைப் பட்டுப்போக வைக்கிறது. நோர்அட்ரினலினைப் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஊசியாக ஏற்றுவார்கள். எம்ஐபிஜி ஸ்கேன் என்று அதற்குப் பெயர். நல்ல நரம்புகள் அதை உறிஞ்ச, இதயம் படத்தில் பளிச்சென்று விழும். பார்கின்சன்காரர் பலரின் படத்தில் இதயம் இருக்கும் இடமே தெரியாது. தசை நன்றாகத்தான் இருக்கும், நரம்புதான் இல்லை. நரம்பு இப்படிப் பட்டுப்போனால் எழும்பும்போது அந்தச் சரிசெய்தல் ஒழுங்காக நடக்காது, பிரஷர் இறங்கிக் கண் இருட்டும்.

பிரஷர் இப்படி இறங்குகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் எடுங்கள். எழுப்பி நிறுத்தி மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடுங்கள். பெரியப்பாவுக்குப் படுத்தால் 148, நின்றால் 112. மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும். நாடித்துடிப்போ 72இலிருந்து 75க்குத்தான் ஏறியது. இவ்வளவு இறங்கியும் நாடி அசையாவிட்டால், நரம்பில்தான் சந்தேகம்.

இருத்திவைத்து மட்டும் அளந்த டொக்டர் ஒருவர், "பிரஷர் கூட" என்று குளிசையை ஏற்றிக் கொடுத்தார். அந்தக் கிழமையே குளியலறையில் விழுந்தார் பெரியப்பா. எனக்கு இன்னும் கோபம்தான். பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தும் பிரஷரை இறக்கும். வயிறு நிறையச் சோறு இறக்கும், கொழும்பு வெக்கையும் இறக்கும். குமட்டலுக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன் சிலருக்கு இதயத் தாளத்தையே குழப்பும் என்பதால், ஈசிஜி பார்த்துக் கொடுப்பது நல்லது.

இதில் இன்னொரு சிக்கல், படுத்தால் பிரஷர் ஏறுவது. ஏறினால் இரவு முழுக்கச் சிறுநீராக உப்பும் தண்ணீரும் போய்விடும், விடிய எழும்பும்போது இன்னும் மோசம். அதனால் டொக்டரைக் கேட்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறோம். காலையில் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கிளாஸ் தண்ணீரை மடமடவென்று குடித்து, பத்து நிமிடம் கழித்துத்தான் எழும்புகிறார். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.