வீட்டில் பீர் காய்ச்சும் நாள்: நேரம் எங்கே போகிறது, எந்த இடம் சரி?

செய்முறைத் தாளில் மாஷ் (மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஊறவைப்பது) 60 நிமிடம், கொதி (அந்தச் சாற்றைக் கொதிக்கவைப்பது) 60 நிமிடம் என்றிருக்கும். இரண்டு மணி நேர வேலைதானே என்று மாலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பவர்கள் இரவு பத்து மணிக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் வழக்கமான 5 கேலன் அளவுக்கு, அதாவது 19 லிட்டருக்கு, மால்ட்டை ஊறவைத்துச் சாறெடுக்கும் முழுத்தானிய முறையில் 5 முதல் 6 மணி நேரம் ஆகும். கடையில் கிடைக்கும் மால்ட் பாகைக் கரைத்துக் காய்ச்சினால் 3 மணி நேரம். தாளில் சொல்லாத மீதி நேரம் சூடாக்குவதற்கும் ஆறவைப்பதற்கும் கழுவுவதற்கும் போகிறது. இவை மூன்றும் காய்ச்சும் இடத்தைப் பொறுத்தவை. ஆகவே முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், எந்த பீர் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் சட்டம். அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் 100 கேலன், வயதுவந்தோர் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது, வடித்துச் சாராயமாக்கவும் கூடாது. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஈஸ்ட் பாக்கெட்டோடு வந்து உறவினர் வீட்டில் செய்து காட்டும் ஆசை வேண்டாம்.

இனி சூடு. துணிப்பையில் மால்ட்டைப் போட்டு ஒரே பாத்திரத்தில் செய்யும் முறைக்கு ஏறத்தாழ 28 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 70 டிகிரிக்குக் கொண்டுவர, அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் 1,500 வாட் ஹீட்டருக்கு, துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் 65 நிமிடம் பிடிக்கும். பிரிட்டனின் 3,000 வாட் ஹீட்டருக்கு அதில் பாதி. 240 வோல்ட் இணைப்பில் 5,500 வாட் என்றால் 18 நிமிடம். மாஷ் முடிந்து கொதிநிலைக்கு ஏற்றும்போது இதே காத்திருப்பு இன்னொரு முறை.

1,500 வாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நன்றாகக் குதித்துக் கொதிக்கும் வொர்ட்டிலிருந்து, அதாவது மால்ட் சாற்றிலிருந்து, மணிக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். அதற்கே 2,000 வாட்டுக்கு மேல் தேவை. சக்தி போதாத ஹீட்டரில் சாறு முனகிக்கொண்டிருக்கும், கொதிக்காது. வெளிர் மால்ட்டில் உருவாகும், வேகவைத்த சோளத்தின் வாடை தரும் கந்தகச் சேர்மம் வெளியேறாமல் பீரிலேயே தங்கிவிடும். பாத்திரத்தை மூடினாலும் இதே கதிதான். கொதி முழுவதும் மூடி திறந்தே இருக்க வேண்டும்.

சமையலறையில் சிக்கல் இந்த ஆவிதான். பல அபார்ட்மெண்ட்களில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற வகை. 4 லிட்டர் தண்ணீர் சுவரிலும் அலமாரியிலும் படிந்தால் சில மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிப் பரப்பு மின்னடுப்பு 35 கிலோ எடையைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை பாதி அளவுதான்: 9 அல்லது 10 லிட்டர், 19 லிட்டர் பாத்திரம், சாதாரண அடுப்பு. மாஷும் கொதியும் குறையாது என்பதால் நேரம் பாதியாகிவிடாது. ஆனாலும் நான்கு மணி நேரத்தில் முடியும்.

அவசரக்காரர்கள் புரொப்பேன் பர்னருக்குப் போவார்கள். வேகமானது, ஆனால் வெட்டவெளிக்கு மட்டுமே உரியது. மழை, குளிர் என்று கராஜுக்குள் இழுத்து வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே ஆபத்தான வேலை. "கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறோம்" என்பார்கள். பர்னரிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்று உள்நோக்கி அடித்தால் திறந்த கதவாலும் பயனில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் வாயு படுக்கையறை வரை போகும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் முதல் அறிகுறிகள். காய்ச்சிக்கொண்டே ஒரு பீர் குடித்தவர் அதைக் குடியின் மேல் போட்டுவிடுவார். ஆகவே காய்ச்சும்போது குடிக்காதீர்கள், வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்திருங்கள். மரத்தளத்திலும் பால்கனியிலும் பர்னர் கூடாது. அடுக்குமாடிப் பால்கனியில் பல ஊர்களின் தீயணைப்பு விதிகளே அனுமதிப்பதில்லை. சமதளமான வெறுந்தரை போதும். காற்றுத் தடுப்பு வைத்தால் சிலிண்டர் அதற்கு வெளியே இருக்கட்டும்.

கொதி தொடங்கும் நேரத்தில் நகராதீர்கள். புரதம் திரண்டு நுரை பால் பொங்குவதுபோல எழும்பும். கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை முதல் முறை போடும்போது மறுபடி எழும்பும். பொங்கி வழிந்த சாறு பர்னரை அணைத்துவிட்டால் தீ இருக்காது, வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். 25 லிட்டர் சாற்றுக்கு 38 லிட்டர் பாத்திரம் வாங்குங்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர் ஸ்ப்ரே இருக்கட்டும்.

ஆறவைப்பதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சாற்றுக்குள் இறக்கிவைக்கும் 15 மீட்டர் செம்புச் சுருளான சில்லரில் குளிர்கால நியூ ஜெர்சிக் குழாய்த் தண்ணீர் ஓடினால் சாறு அரைமணிக்குள் 20 டிகிரிக்கு வந்துவிடும். டெக்சஸ் கோடையில் குழாய் நீரே 28, 30 டிகிரி. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சாறு அதற்குக் கீழே இறங்காது. அங்கே 35 டிகிரி வரை குழாய் நீர், அதன்பிறகு ஐஸ் வாளியிலிருந்து சிறிய பம்ப் வழியாகச் சுற்றிவரும் நீர். சில்லரைக் கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போதே பாத்திரத்தில் இறக்கினால் கொதியே அதைச் சுத்தமாக்கிவிடும். இழுத்துத் தெளிக்கும் வகைக் குழாய்களில் சில்லரின் அடாப்டர் பொருந்தாது என்பதைக் காய்ச்சும் நாளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தேடிப் போவது தீக்காயத்துக்கு நேர்வழி. குழாய் பாத்திரத்திடம் வர வேண்டும்.

நேரத்தைக் குறைக்க முந்தின இரவு உதவும். மால்ட்டை நிறுத்து, தண்ணீரை அளந்து, தண்ணீரின் குளோரினைப் போக்கும் கேம்ப்டன் மாத்திரையில் பாதியைக் கரைத்து வைத்துவிடலாம். மாஷ் ஓடும் ஒரு மணி நேரத்தில் புளிக்கவைக்கும் வாளியைக் கிருமிநீக்கலாம். ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி என்றால் 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. வாளி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஈரக்கையில் நழுவி உடையும் கண்ணாடிக் கார்பாய் (பெரிய குடுவை) நரம்பை அறுத்துவிடும்.

கடைசி முக்கால் மணி கழுவல். 5 கிலோ மால்ட், சக்கையாக வெளியே வரும்போது தண்ணீரில் ஊறி இன்னும் கனமாக இருக்கும். கோடையில் மறுநாளே நாறும். உரக்குழியில் போடலாம். ஹாப்ஸ் கலந்த கசடு மட்டும் நாய் எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். தின்றது தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

வாளியை வைக்கும் அறையையும் காலையிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்: இருட்டான, வெப்பம் மாறாத இடம். புளிக்கும் முதல் நாட்களில் வாளிக்குள் வெப்பம் அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடும். ஆகவே ஏல் வகை பீரின் ஈஸ்டுக்கு 20 டிகிரி வேண்டுமென்றால் அறை 16, 17 டிகிரியில் இருக்கட்டும்.